மச்சானுக்கு இரண்டு வலது கன்னம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் எதிரே பன்னிரண்டு அடி உயரத்துக்கு நின்று சிரித்துக்கொண்டிருந்த ஆள் யாரென்று வெள்ளத்துரைக்குத் தெரியவில்லை. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடியும் பார்த்தார். அப்போதும் தெரியவில்லை.

ஃப்ளெக்ஸ் என்னவோ அவருடையதுதான். ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் கோமதிஸ்ரீக்குக் காதுகுத்து. மேலே குழந்தை ஒரு பெரிய தாமரைப் பூவுக்குள் உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் அவரும் மனைவி நிர்மலாவும் கைகூப்பி நின்றார்கள். நடுவில், குழந்தையைவிட நான்கு மடங்கு பெரிதாக, இந்த அந்நியன். அவன் நெஞ்சுக்குக் கீழே தங்க எழுத்தில் போட்டிருந்தது: 'தாய்மாமன் ஆறுமுகச்சாமி, கரிவலம்வந்தநல்லூர்.'

ஆறுமுகச்சாமி நிர்மலாவின் அண்ணன். பெயரில் ஆறு முகம் இருந்தாலும் மனுஷனுக்கு உள்ளது ஒரு முகம்தான். அதிலும் இரண்டு பாதிக்கும் ஒத்துப்போகாது. பத்தொன்பது வயதில் செம்மறிக் கிடா ஒன்று முட்டியதில் இடது கன்னத்தில் குழி விழுந்துவிட்டது. இடது கண் கொஞ்சம் சுருங்கிவிட்டது. மீசையின் வலது முனை வானத்தைப் பார்க்கும். இடது முனை எவ்வளவு முறுக்கினாலும் தரையைப் பார்க்கும். முப்பது வருடமாகப் பார்த்துப் பழகியதால் ஊரில் யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

ஃப்ளெக்ஸில் இருந்தவனுக்கோ மீசையின் இரண்டு முனையும் வானத்தைப் பார்த்தன. இரண்டு கண்ணும் ஒரே அளவு. வலது கன்னத்தில் இருந்த மச்சம் இடது கன்னத்திலும் இருந்தது. குழியைக் காணோம். ஜவுளிக்கடை விளம்பரத்தில் பட்டு வேட்டியோடு ஒருவன் நிற்பானே, அவனுக்கு மூத்தவன் மாதிரி இருந்தான்.

வெள்ளத்துரை கிட்டப் போய்ப் பெயரை இன்னொரு முறை படித்தார்.

அவர் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் இருபது வருடமாக மேஜை போட்டிருக்கிறார். சர்வே நம்பரில் ஒரு இலக்கம் மாறினால் இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும் என்று அறிந்தவர். பிழை ஒன்று கண்ணில் பட்டால், அடுத்தவர் கேட்பதற்கு முன்பே ஒத்துக்கொண்டு, உடனே பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்தக் கொள்கையால் தொழிலில் அவருக்கு நல்ல பெயர். வீட்டில் அவ்வளவு இல்லை.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. மச்சான்.

"மாப்ள!"

"சொல்லுங்க மச்சான்."

"பஸ் ஸ்டாண்டுல போர்டு வச்சிருக்கீரு போல."

"ஆமா மச்சான்..."

"இப்பதான் பாத்துட்டுப் பஸ் ஏறுனேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுல என் படம்..."

வெள்ளத்துரை முடிக்க விடவில்லை. "மச்சான், மன்னிச்சிருங்க. உங்க கால்ல வேணா விழுதேன். அது உங்க மூஞ்சியே இல்ல. எனக்கே அடையாளம் தெரியல, மத்தவனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பய என்னமோ பண்ணித் தொலைச்சுட்டான். இன்னைக்கே தூக்கிருதேன்."

புளியங்குடி பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"அடையாளமே தெரியலையா?" என்றார் மச்சான்.

"துளிகூடத் தெரியல. உங்க மூஞ்சி எங்க, அது எங்க!"

"சரி" என்றார் மச்சான். போன் கட்டாகிவிட்டது.

வீட்டுக்குப் போய் வெள்ளத்துரை விஷயத்தைச் சொன்னதும், நிர்மலா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். விடை எதுவானாலும் வழிமுறையைக் கேட்பாள்.

"அண்ணன் கடைசியா என்ன சொல்லிச்சு?"

"சரின்னாரு."

"சரின்னு மட்டுமா?"

"சரின்னு மட்டுந்தான்."

"அப்ப பெருங்கோவம்." நிர்மலா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க அண்ணன் கோவம்னா கத்தும். ரொம்பக் கோவம்னாத்தான் சரிங்கும். இங்கேருங்க, புள்ளைக்கு அண்ணன் மடியில வச்சுத்தான் காது குத்தணும். அண்ணன் வரலன்னு வைங்க, நான் மண்டபத்துக்கே வரமாட்டேன். நீங்களே உங்க மடியில வச்சுக் குத்திக்கிடுங்க."

தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து நடந்ததாக அந்தப் பக்கம் எந்த ஊரிலும் சரித்திரம் இல்லை. மண்டபம் பிடித்தாயிற்று. பத்திரிகை கொடுத்தாயிற்று. வெள்ளத்துரை சாப்பிடாமலே கிளம்பினார்.

ராஜபாளையம் ரோட்டில் அருண்குமாரின் ஃப்ளெக்ஸ் கடை. அருண் கம்ப்யூட்டரில் யாரோ ஒருவருடைய தொந்தியைக் குறைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே அருண், என் மச்சான் மூஞ்சிய என்ன செஞ்ச?"

அருண் திரும்பவில்லை. "நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி."

"நல்லா இருக்கு. யாரு அது?"

அருண் கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்தான். பிறகு திடீரென்று உற்சாகமானான். "அழகுன்னா என்னன்னு நினைக்கீங்க? வெளிநாட்டுக்காரன் ஆராய்ச்சி பண்ணி எழுதிருக்கான், போன்ல வந்துச்சு. மூக்குக்கு நடுவுல ஒரு கோடு போட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கணுமாம். பொறந்த புள்ளகூட அப்படிப்பட்ட மூஞ்சியத்தான் உத்து உத்துப் பாக்குமாம். அதான் மாமாவோட வலது பாதிய அப்படியே திருப்பி இடது பக்கம் ஒட்டிட்டேன்."

"அப்ப என் மச்சானோட இடது பக்கம்?"

"அது வேண்டாம்னு விட்டாச்சு."

"சொத்துல பாதிய விட்டுட்டுப் பத்திரம் எழுதுவானாலே எவனாவது?"

"உங்களுக்கே செஞ்சு காட்டுதேன், பாருங்க" என்று சொல்லி, வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் அருண் அவரைப் படம் பிடித்து, நடுவில் வெட்டி, இரண்டு ஆள் செய்துவிட்டான். இரண்டு வலது பாதியை ஒட்டியதில் வந்தவன் கண்ணியமான பேங்க் மேனேஜர். இரண்டு இடது பாதியை ஒட்டியதில் வந்தவன் நேற்றுத்தான் ஜாமீனில் வெளியே வந்தவன்.

"உங்க இடது காது கால் இஞ்சு எறக்கம் அண்ணாச்சி" என்றான் அருண், டாக்டர் மாதிரி.

நாற்பத்தோரு வருடமாக அந்தக் காது எங்கே இருக்கிறது என்று வெள்ளத்துரை யோசித்ததே இல்லை. இப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டார். எறக்கமாகத்தான் இருந்தது.

"அது கெடக்கட்டும். மச்சான் கோவத்துல இருக்காரு. போர்ட மாத்து."

அருணின் முகம் மாறியது. "கோவமாவா? மாமாவா?" வாயைத் திறந்தான், மூடினான். "அண்ணாச்சி, என் பேச்சக் கேளுங்க. மாத்தாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

மறுபடியும் பிரிண்ட் போடச் சோம்பேறித்தனம் என்று வெள்ளத்துரை புரிந்துகொண்டார். மச்சானிடம் நீயே படம் கேட்டு வாங்கிக்கொள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது தன் தப்பு என்றும் புரிந்துகொண்டார். இந்த முறை படத்தைத் தானே கொடுப்பது என்று முடிவு செய்தார்.

பத்திர எழுத்தரிடம் ஊரில் பாதிப்பேரின் படம் இருக்கும். போன வருடம் மச்சானுக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியபோது வாங்கிய பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று ஃபைலில் மிச்சமிருந்தது. நல்ல வெயிலில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றபின் எடுத்த படம். அதில் மச்சானின் இடது கண் இன்னும் சுருங்கியிருந்தது. குழியில் நிழல் விழுந்திருந்தது. கன்னத்தின் மேல் ரப்பர் ஸ்டாம்பின் ஊதா மை லேசாகப் படிந்திருந்தது. ஆனால் சத்தியமாக அது மச்சான்தான்.

"இது கவர்மெண்டே ஒத்துக்கிட்ட மூஞ்சி" என்று சொல்லி அதை அருணிடம் கொடுத்தார். "ஒரு மயிரிழை மாறக்கூடாது."

மாறவில்லை. வியாழக்கிழமை காலையில், தபால்தலை அளவு இருந்த முகம் ஆறடி அகலத்துக்கு விரிந்தது. பஸ் ஸ்டாண்ட் ஓரத்திலேயே மரச்சட்டம் அடித்து போர்டு கட்டுகிற சுலைமான் பாய் ஏணியில் ஏறிப் பழையதை அவிழ்த்துச் சுருட்டிவிட்டுப் புதியதை ஆணி அடித்து முடித்தார். கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தவர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, ஒரு வார்த்த சொல்லலாமா? அந்த மொத போர்டு..."

"அந்தப் பேச்சையே எடுக்காதீங்க பாய்" என்றார் வெள்ளத்துரை.

பாய் எடுக்கவில்லை.

பத்து மணிக்குள் பஸ்ஸுக்கு நின்றவர்களில் மூன்று பேர் சுலைமான் பாயிடம், இந்த ஆள் எந்தக் கேஸில் தேடப்படுகிறான் என்று கேட்டுவிட்டார்கள். நான்காவது ஆள் கேட்கவே இல்லை. இவனை சிவகிரி பக்கம் பார்த்ததாகவே சொன்னார்.

சாயந்திரம் கரிவலத்திலிருந்து நிர்மலாவுக்கு போன் வந்தது. ஆறுமுகச்சாமியின் மனைவி சுந்தரம்மாள். நிர்மலா ஸ்பீக்கரில் போட்டாள், வெள்ளத்துரையும் கேட்கட்டும் என்று.

"ஏட்டி நிர்மலா, உங்க அண்ணன் காலையிலயே பஸ் ஏறி சங்கரன்கோவிலுக்குப் போயிட்டு வந்தாரு. வந்ததுலேர்ந்து படுத்தே கெடக்காரு. சோறும் வேண்டாங்காரு. 'இதுதான் என் மூஞ்சின்னு மாப்ள ஊருக்கே நோட்டீஸ் ஒட்டிட்டாரு'ன்னு சொல்லிச் சொல்லிப் பொரளுதாரு."

"மதினி, மாத்தச் சொல்லிருதேன்."

"மாத்துனதுனாலதான் படுத்திருக்காருங்கேன்!" என்றாள் சுந்தரம்மாள். அதற்குள் அங்கே ஆடு எதையோ தின்கிறது என்று கத்திக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

நிர்மலா நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். கணக்கு டீச்சரின் நிதானத்தோடு கேட்டாள்.

"போர்டுல எத்தன பேரு?"

"நாலு பேரு. நீ, நான், புள்ள, மச்சான்."

"அதுல எத்தன பேருக்கு அந்த அருண் மூஞ்சியத் தேச்சு மெழுகி வச்சிருக்கான்?"

வெள்ளத்துரை யோசித்தார். "மூணு பேருக்கு."

"மிச்சம் ஒரு ஆளு எங்க அண்ணன். நாம மூணு பேரும் பொம்ம மாதிரி நேரா நிக்கோம். நடுவுல அண்ணன் மட்டும் கோணலா நிக்கி. பாக்குறவன் என்ன நினைப்பான்? கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துனா மாதிரி இல்ல?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு சரியென்றால் விடையும் இருக்க வேண்டுமே. மச்சானை நேராக்கினால் அவர் முகம் இல்லை. கோணலாக விட்டால் அவர் மட்டும் தனியாகத் தெரிகிறார். மிச்சமிருப்பது ஒரே வழி. நிர்மலாவிடம் சொல்லாமல் அருண் கடைக்குப் போனார்.

"எங்க எல்லாரையும் கோணலாக்கு" என்றார்.

அருணுக்குப் புரியவில்லை. "எல்லாரையும்னா?"

"என்னை, என் பொண்டாட்டிய, புள்ளைய. ரொம்ப வேண்டாம். மச்சானோட சேர்ந்து பாத்தா ஒரே குடும்பம்னு தெரியணும்."

"அண்ணாச்சி, இந்தத் தொழிலுக்கு வந்து ஒம்பது வருசம் ஆச்சு. யாரும் இப்படிக் கேட்டதில்ல."

"கேக்காததுனாலதான் ஊருல இவ்வளவு மனஸ்தாபம்."

"மொத போர்டையே திருப்பி வச்சிருவோமே அண்ணாச்சி" என்றான் அருண், கிட்டத்தட்ட அழுகிற குரலில். வெள்ளத்துரை முறைத்த முறைப்பில் வேலையைத் தொடங்கினான்.

வேலை சுத்தமாக இருந்தது. வெள்ளத்துரையின் இடது காது இன்னும் அரை இஞ்சு கீழே இறங்கியது. நிர்மலாவின் மூக்கு கிழக்கே கொஞ்சம் ஒதுங்கியது. புருவம் ஒன்று ஏறியது. தாமரைப் பூவில் இருந்த குழந்தைக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நடுவில் மச்சான், எந்த மாற்றமும் இல்லாமல், இவர்களுக்கெல்லாம் நடுநிலையான ஆள் போல இருந்தார். வெள்ளத்துரைக்குப் பரம திருப்தி. சமத்துவம் என்றால் இதுதான் என்று பட்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு சுலைமான் பாய் அதைக் கட்டி முடித்தார். எட்டே முக்காலுக்கு நிர்மலா தன் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் நஸ்ரின் பானு, சங்கரம்மாள் இருவரோடும் ஷேர் ஆட்டோவில் அந்த வழியாகப் போனாள்.

"ஏ நிர்மலா, அது நீதானா?" என்று நஸ்ரின் பானு டீச்சர் கேட்டது ஆட்டோ முழுக்கக் கேட்டது. டிரைவர் உட்பட எல்லாரும் முதலில் ஃப்ளெக்ஸையும் பிறகு நிர்மலாவின் மூக்கையும் பார்த்தார்கள்.

"மூக்கு லேசா அப்படித்தான் டீச்சர் இருக்கு" என்றாள் சங்கரம்மாள் டீச்சர், உண்மை பேசுகிறவள். "இதுவரைக்கும் கவனிச்சதில்ல."

அன்று முழுக்க நிர்மலா கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தினாள். சாயந்திரம் வீட்டுக்கு வந்து வெள்ளத்துரையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாதத்தைத் தட்டில் போட்டு, குழம்பை ஊற்றி, அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அவர் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்கு சுந்தரம்மாளின் போன் வந்தது.

"நிர்மலா, இதென்ன அநியாயம்? 'என்னைய கேலி பண்ணணும்னே மாப்ள வீட்டுல குடும்பத்தோட மூஞ்சியக் கோணிக்கிட்டு நிக்காங்க'ன்னு இவரு சொல்லுதாரு. நானும் போய்ப் பாத்தேன். அந்தப் பச்சப்புள்ளகூட வாயக் கோணிக்கிட்டு நிக்கி! காதுகுத்துக்கு வரமாட்டேன்னுட்டாரு. சீர் மட்டும் வருமாம்."

நிர்மலா போனை வைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "அப்பா செத்த பெறவு எங்க அண்ணன்தான் எனக்கு அப்பா. காலேஜ் பீஸ் கட்ட ஆட்ட வித்துச்சு. அந்த மனுசன மூணு நாள்ல மூணு தடவ அழ வச்சிட்டீங்க" என்றாள்.

வெள்ளத்துரைக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது. மச்சானை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குச் செருப்புக் கடிக்கிறது என்று தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நின்ற மனிதர் அவர்.

சனிக்கிழமை காலையில் வெள்ளத்துரை ஒரு சீப்பு வாழைப்பழமும் அரைக் கிலோ அல்வாவும் வாங்கிக்கொண்டு கரிவலத்துக்கு ஸ்கூட்டரை விட்டார். நேரில் பேசினால் தீராத பிழை இல்லை. என்ன பேசுவது என்பதையும் வழியிலேயே தயார் செய்துகொண்டார். ஸ்கூட்டர் கண்ணாடியில் இடது காது தெரிந்தபோதெல்லாம் கண்ணாடியைத் திருப்பி வைத்தார்.

ஆறுமுகச்சாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பல்வலிக்காரர் மாதிரி துண்டைத் தாடையோடு சேர்த்துச் சுற்றியிருந்தார். இடது பக்கம் முழுக்க மூடியிருந்தது.

"வாரும் மாப்ள" என்றார். மரியாதைக்குக் குறைவில்லை.

"மச்சான், நான் செஞ்சது எல்லாம் தப்பு. ஆனா மனசுல ஒண்ணும் இல்ல."

"உம்மள நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க வரணும் மச்சான்."

"நான் எதுக்கு? நல்ல மூஞ்சியா யாராவது இருப்பாங்க. வீடியோக்காரன் வருவான். காலத்துக்கும் நிக்கப்போற படம்."

தயார் செய்து வைத்திருந்ததை எடுத்துவிட இதுதான் நேரம் என்று வெள்ளத்துரைக்குத் தோன்றியது. கட்டிலில் நெருங்கி உட்கார்ந்தார். "மச்சான், நம்ம ஊருச் சாமியப் பாருங்க. சங்கரநாராயணர். ஒரு பக்கம் சிவன், ஒரு பக்கம் பெருமாள். ஒரு பக்கம் சடை, ஒரு பக்கம் கிரீடம். ரெண்டு பக்கமும் எங்கனயாவது ஒத்துப்போகுதா? ஆடித்தபசுக்கு லட்சம் பேரு வந்து கன்னத்துல போட்டுக்கிடுதான். எவனாவது சாமி கோணலா இருக்குன்னு சொன்னானா?"

அழகாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கே கண் கலங்கியது.

ஆறுமுகச்சாமி துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அப்ப நான் கோணல்ங்கீரு" என்றார்.

"ஐயோ மச்சான்..."

"கண்ணாடியில பாக்காமலா இருக்கேன் மாப்ள? நித்தம் காலையில மீசைய முறுக்கும்போது பாக்கத்தான செய்யுதேன்." குரல் கோபமாக இல்லை. அதுதான் வெள்ளத்துரையை இன்னும் வாட்டியது. "ஊர் பாத்தா ஒண்ணுமில்ல. உம்ம வாயால கேக்கணுமா அத? போயிட்டு வாரும். அல்வாவ எடுத்துட்டுப் போம்."

அல்வாவைத் திருப்பிக் கொடுப்பது சாதாரண விஷயம் இல்லை. வெள்ளத்துரை வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், "எல்லாத்தையும் அவுத்துருங்க பாய். போர்டே வேண்டாம்" என்றார். சுலைமான் பாய் மறுபடியும் ஏணியைச் சாத்தினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெள்ளத்துரையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆணியைப் பிடுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம் நிறைந்தது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். ஆசாரி தங்கக் கம்பியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பத்தாகியும் தாய்மாமன் பலகை காலியாக இருந்தது. வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாலும் நிர்மலா மண்டபத்துக்கு வந்துவிட்டாள். ஆனால் வாசலுக்கு வெளியே குழந்தையோடு நின்றாள். அவள் உள்ளே வரமாட்டாள் என்பது வெள்ளத்துரைக்குத் தெரியும். அவர் வாசலுக்கும் பலகைக்கும் நடந்தார். காது குத்துவது தள்ளிப்போனால் ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. மச்சான் வரவேண்டும், அவ்வளவுதான்.

பத்தேகாலுக்கு மேளச் சத்தம் கேட்டது.

சீர்த் தட்டுகள் முதலில் வந்தன. பின்னால் சுந்தரம்மாள். அவளுக்குப் பின்னால் ஆறுமுகச்சாமி, புது வேட்டி சட்டையோடு, துண்டை இடது கன்னத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு. யாரிடமும் பேசாமல் வந்து பலகையில் உட்கார்ந்து, வீடியோக்காரனுக்கு வலது பக்கம் தெரியும்படி திரும்பிக்கொண்டார். "புள்ளைக்காகத்தான் வந்தேன். குடு" என்றார், பின்னாலேயே உள்ளே வந்த தங்கையிடம்.

கோமதிஸ்ரீ மாமன் மடியில் ஏறியதும் முதல் காரியமாகத் துண்டைப் பிடித்து இழுத்தாள். ஆறுமுகச்சாமி விடாமல் பிடித்தார். குழந்தை விடாமல் இழுத்தாள். துண்டு அவிழ்ந்து விழுந்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு மாமன் முகத்தில் ரொம்பப் பிடித்த இடம் அந்தக் குழிதான். எப்போது தூக்கினாலும் சுண்டுவிரலை அதில் வைத்துத் திருகுவாள். இப்போதும் விரலை வைத்தாள். ஆசாரி இந்தக் காதில் குத்தினார், அந்தக் காதில் குத்தினார். ஒரே ஒரு தடவை வீறிட்டாள். விரலை மட்டும் எடுக்கவில்லை.

மாமன்தான் அழுதார். இரண்டு கண்ணிலும், ஒரே அளவு.

வெள்ளத்துரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. நிர்மலா நான்கு நாளைக்கு அப்புறம் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பந்தியில் மச்சான் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் இலையில் இருந்த அல்வாவை எடுத்து அவர் இலையில் வைத்தார். அதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

கை கழுவிவிட்டு வெளியே வந்தவருக்கு, நடந்ததை எல்லாம் நினைத்துப் பார்த்தபோது தன்மேல் லேசான மதிப்புகூட வந்தது. கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும், அந்நியன் முகத்தை அகற்றி மச்சானுக்கு அவருடைய சொந்த முகத்தையே மீட்டுக் கொடுத்திருக்கிறோம். மற்றவன் என்றால் அந்தப் பொய் முகத்தை அப்படியே விட்டிருப்பான்.

வாசலில் சுலைமான் பாய் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீளமாக ஒரு ஃப்ளெக்ஸ் சுருட்டிக் கட்டி வைத்திருந்தது.

"என்ன பாய் இது?"

"அந்த மொத போர்டு அண்ணாச்சி. இத உங்க மச்சான்ட்ட குடுத்துரட்டுமா?"

"ஏன் பாய், இப்பதான் எல்லாம் சரியாயிருக்கு! அதக் கண்டாலே அவருக்கு ஆகாது. மொதமொத அதப் பாத்துட்டுத்தான எனக்குப் போன் போட்டாரு!"

சுலைமான் பாய் வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"அருண்ட்ட வந்து, மாப்ளைக்குத் தெரியாம ரெண்டு பக்கத்தையும் ஒண்ணு போல ஆக்கிக் குடுன்னு கெஞ்சிக் கேட்டு வாங்குனதே அவருதான் அண்ணாச்சி, அத நான் ஏணியில நின்னு கட்டும்போதே வந்து கால் மணி நேரம் அண்ணாந்து பாத்துட்டு, 'பாய், எம் மாப்ளைக்குப் போன் போட்டு நான் எப்படி இருக்கேன்னு கேக்கப் போறேன்'னு சொல்லிட்டுத்தான் உங்களுக்குப் போன் போட்டாரு."